ஒரிஜினல் சான்றிதழ் லேமினேட் செய்யப்படாது

மே 8, வியாழன்

அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்று. காலையிலிருந்து இந்த எண்ணை எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கணக்கே இல்லை. கடைசியாகப் பால்காரர் கேட்டபோது வாய் குழறி ஐந்நூற்றுப் பதினாலு என்று சொல்லிவிட்டேன். அதற்கும் அவர் சந்தோஷப்பட்டார்.

ப்ளஸ் டூ ரிசல்ட் பார்க்கப் பாதி அறந்தாங்கி எங்கள் கடைக்குத்தான் வந்தது. வேல் ஜெராக்ஸ், தாலுகா ஆபீஸுக்கு நேர் எதிரே. அப்பா பத்தாவது வரைதான் படித்தவர். ஆனால் எந்தச் சான்றிதழுக்கு எந்தப் படிவம், எதை யாரிடம் கொடுக்க வேண்டும், எந்த அதிகாரி என்றைக்கு லீவு என்பதெல்லாம் ஆபீஸுக்குள் இருப்பவர்களை விட அவருக்கு நன்றாகத் தெரியும். வந்தவர்களுக்கெல்லாம் மதிப்பெண் பட்டியலை பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு என்னுடையதைக் கடைசியாக எடுத்தார். கஸ்டமர்தான் முதலில் என்றார். ஆனால் என்னுடையதை மட்டும் கலரில் எடுத்தார். சொந்தச் செலவில் அவர் கலர் பிரின்ட் எடுத்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

கூட்டத்தில் ஒருவர் மகனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை லேமினேட் பண்ணித் தரச் சொன்னார். அப்பா சுவரைக் காட்டினார். சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு: ‘ஒரிஜினல் சான்றிதழ் லேமினேட் செய்யப்படாது. வற்புறுத்த வேண்டாம்.’ அவர் இரண்டு மடங்கு காசு தருகிறேன் என்றார். வேண்டுமானால் ஜெராக்ஸ் எடுத்து அந்த ஜெராக்ஸை லேமினேட் பண்ணித் தருகிறேன் என்றார் அப்பா. அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போனார். லேமினேஷன் மெஷினையும் வாங்கி வைத்துக்கொண்டு வருகிறவர்களையும் விரட்டுகிற கடை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இந்த டைரி பேப்பர் ஏஜென்சிக்காரர் கொடுத்தது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அப்பா டோனர் வாங்கிய தேதிகள். மே முதல் என்னுடையது.

மே 11, ஞாயிறு

என்னோடு படித்த நஸ்ரின் வந்தாள். அவள் முடிவெடுத்துவிட்டாள்: உள்ளூர் அரசுக் கல்லூரி, பி.எஸ்சி. கணிதம். எனக்கும் அங்கே கண்டிப்பாக இடம் கிடைக்கும். சைக்கிளில் பத்து நிமிஷம், மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம், ஒருவருக்கும் ஒரு பைசா கடன் கிடையாது.

எனக்கு வேண்டியது கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் இருக்கும் பிரின்டிங் அண்ட் பேக்கேஜிங். அப்பாவிடம் சொன்னபோது, பிரின்டிங்தான் நம் கடையிலேயே இருக்கிறதே, அதற்கு எதற்குக் கோயம்புத்தூர் என்றார். பிஸ்கட் பாக்கெட்டில் ‘இங்கே கிழிக்கவும்’ என்று போட்ட இடத்தில் மட்டும் ஏன் கிழியவே மாட்டேன் என்கிறது, மருந்து அட்டையில் காற்றுப் புகாமல் எப்படி ஒட்டுகிறார்கள் என்பதற்கெல்லாம் ஒரு படிப்பு இருக்கிறது அப்பா என்றேன். அவர் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்து அவர் என் பக்கம்.

ஆனால் பணம் யார் பக்கமும் இல்லை. கவுன்சிலிங்கில் இடம் கிடைத்தாலும் கல்லூரிக் கட்டணம் ஐம்பத்தைந்தாயிரம், விடுதியும் சாப்பாடும் எழுபதாயிரம். நாலு வருஷத்துக்கு ஐந்து லட்சம். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அரசே கட்டணம் கட்டும், வேறு கதை. நான் படித்தது தனியார் பள்ளி, அதுவும் அப்பா ஆசைப்பட்டுச் சேர்த்தது.

முதல் பட்டதாரிச் சலுகை ஒன்று இருக்கிறது. வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் வருஷத்துக்கு இருபத்தைந்தாயிரம் குறையும். அப்படியானால் கல்விக் கடன் நாலு லட்சம் போதும்.

நாலு லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டி, படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை எவ்வளவு ஏறும் என்று போட்டுப் பார்த்தேன். மூன்று தடவை போட்டேன், மூன்று விடை வந்தது. அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, வருஷத்துக்கு ஒரு லட்சமாகத்தானே வாங்குவோம், அப்போ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வட்டி என்றாள். நாலாவது தடவை போட்டபோது அதுதான் வந்தது. மகளிர் குழுவில் வட்டி போட்டுப் போட்டு அவளுக்குக் கை பழகிவிட்டது போலிருக்கிறது.

அப்படியானால் மாதம் ஒன்பதாயிரம், ஏழு வருஷம். கட்டி முடிக்கும்போது எனக்கு முப்பது. முப்பது வயதில் நான் எப்படி இருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை, கண்ணாடி போட்டிருப்பேன் என்பதைத் தவிர.

மே 14, புதன்

பேராவூரணியிலிருந்து தனபாக்கியம் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கிலோ மைசூர்பாகு, கூடவே ஒரு மூட்டை அறிவுரை.

நம் வம்சத்திலேயே டிகிரி முடிக்கப்போகிற முதல் ஆள் நீதான் என்று என் நெற்றியில் விரலை மடக்கித் திருஷ்டி கழித்தார். உடனே அடுத்த மூச்சில், ரொம்பவும் படித்துவிட்டால் மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்ற கவலைக்கு வந்துவிட்டார்.

“என் தம்பிக்குப் பொண்ணு பாக்கறப்பவே நான் கண்டிசனாச் சொல்லிட்டேன். பையன் பத்தாவது. பொண்ணு ப்ளஸ் டூவுக்கு மேல ஒரு வகுப்பு படிச்சிருந்தாலும் வேணாம்னு. பாரு, இருவது வருசமா ஒரு சண்டை சச்சரவு உண்டா?”

அடுக்களையில் பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அப்பா திடீரென்று எழுந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தி, ஸ்டூல் போட்டு ஏறித் துடைக்க ஆரம்பித்தார். வேர்த்து ஊற்றியது எல்லோருக்கும்.

போகும்போது அத்தை, கடனுக்கு ஜாமீன் கையெழுத்து என்று மட்டும் என்னிடம் வந்து நிற்காதீர்கள் என்றார். மாமாவின் நண்பர் ஒருவருக்குப் போட்ட கையெழுத்துக்கு இன்னமும் நோட்டீஸ் வந்துகொண்டிருக்கிறதாம். நாங்கள் இன்னும் கேட்கக்கூட இல்லை.

மே 19, திங்கள்

அம்மாவும் நானும் பேங்க் போனோம். அப்பாவுக்குக் கடையில் கூட்டம். கடன் பிரிவில் இருந்த மேடம் நல்ல மாதிரி, ஆனால் வேகமாகப் பேசுகிறார். நாலு லட்சம் வரை அப்பா அல்லது அம்மா கையெழுத்து போதும், அதைத் தாண்டினால் வெளி ஆள் ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்றார். எனக்கு உடனே அத்தையின் முகம் தெரிந்தது. அதனால் நாலு லட்சத்துக்குள் நின்றே ஆக வேண்டும். அந்த முதல் பட்டதாரிச் சலுகை இல்லாவிட்டால் கோயம்புத்தூர் இல்லை. இவ்வளவுதான் விஷயம்.

ஆறு பக்க ஆங்கிலப் படிவம் ஒன்று கொடுத்தார். நான் முதல் பக்கத்தில் ‘மாரடோரியம்’ என்ற இடத்தில் நின்று விழித்துக்கொண்டிருந்தேன் (தவணை கட்டத் தொடங்க வேண்டாத காலமாம், பிறகுதான் தெரிந்தது). அம்மா ஆறாம் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்:

“மேடம், படிக்கற காலத்து வட்டிய அசலோட சேத்துருவீங்களா? இல்ல மாசாமாசம் வட்டிய மட்டும் நாங்க கட்டிட்டு வரலாமா? அப்படின்னா பின்னாடி பாரம் குறையும்ல.”

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். கட்டலாம், ரொம்பப் பேர் இதைக் கேட்பதே இல்லை என்றார். பிறகு, நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார்.

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். “ப்ளஸ் டூ” என்றாள்.

வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். அம்மா பாதி குடித்துவிட்டு மீதியை எனக்கு ஊற்றினாள். அவளுக்குக் கரும்புச்சாறு ரொம்பப் பிடிக்கும்.

மே 20, செவ்வாய்

ரசத்தில் உப்பு இல்லை. சொன்னேன். “போட்டுக்க” என்றாள் அம்மா. பதினேழு வருஷத்தில் முதல் முறை.

மே 23, வெள்ளி

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு ஒரு உறுதிமொழிப் படிவம் வேண்டும். எங்கள் குடும்பத்தில் எவரும் பட்டதாரி இல்லை என்று பெற்றோரும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 6.

இந்தப் படிவத்தை அப்பா இந்த வாரத்தில் மட்டும் நாற்பது பேருக்காவது எழுதிக் கொடுத்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். என்னுடையதை மட்டும் எழுத மாட்டேன் என்கிறார். திங்கள் அன்று டோனர் இல்லை. செவ்வாய் அன்று டோனர் வந்தது, அவருக்கு முதுகுவலி வந்துவிட்டது. நேற்று கேட்டதற்கு, “அம்மா கையெழுத்துப் போடட்டும் பாப்பா. அப்புறம் நான் போடறேன்” என்றார். அம்மாவிடம் போனால், அமாவாசை போகட்டும் என்கிறாள். என் அம்மா காலண்டரில் கேஸ் சிலிண்டர் தேதியைத் தவிர வேறு எதையும் பார்த்து நான் அறியேன்.

ஊருக்கெல்லாம் ஓடி ஓடி எழுதித் தருகிறவர் வீட்டில் எனக்கு ஒரு படிவம் கிடைக்கவில்லை. நஸ்ரினிடம் புலம்பினேன். அவர்களுக்கு உன்னை அனுப்ப மனசில்லை, அதுதான் இழுத்தடிக்கிறார்கள் என்றாள். அப்படியும் இருக்கலாம். எனக்குமே சில சமயம் போக மனசில்லை. இதை நஸ்ரினிடம் சொல்லவில்லை.

மே 27, செவ்வாய்

அமாவாசை போயிற்று. இப்போது அக்னி நட்சத்திரம் முடியட்டும் என்கிறாள்.

மே 29, வியாழன்

அக்னி நட்சத்திரமும் நேற்று முடிந்தது. நானே கடைக்குப் போய், நானே பிரின்ட் எடுத்து, ஐந்து ரூபாயைக் கல்லாவில் போட்டுவிட்டு, படிவத்தோடு வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் வைத்தேன். பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தேன்.

இதற்கு மேல் இன்று எழுதக் கூடாது. அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்.

மே 30, வெள்ளி

எழுதவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். டைரி ஒரு ஆள் இல்லை. அதுவும் மேற்கொண்டு உள்ளே வைத்திருந்தால் எனக்கே காய்ச்சல் வந்துவிடும்.

அன்றைக்கு அம்மா படிவத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ‘எவரும் பட்டதாரி இல்லை’ என்ற வரிக்கு வந்ததும் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்துவிட்டாள்.

“நான் பி.காம். முடிச்சிருக்கேன் பாப்பா” என்றாள்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் அவள் ஊரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறித் தஞ்சாவூர் போய் மூன்று வருஷம் படித்திருக்கிறாள். வகுப்பில் இரண்டாவது மாணவி. படித்து முடித்ததும் வந்த இரண்டு வரன்கள், பெண் டிகிரி, பையன் அவ்வளவு படிக்கவில்லை என்று தட்டிப்போயின. மூன்றாவதாக அப்பாவின் ஜாதகம் வந்தது. கூடவே அத்தையின் கண்டிஷனும் வந்தது. தாத்தா தரகரிடம் பெண் ப்ளஸ் டூ என்று சொல்லிவிட்டார்.

“உன்னக் கேக்காமலா சொன்னாங்க?” என்றேன்.

“கேட்டாங்க. நாந்தான் சரின்னேன். அதுக்கு முன்னாடி ஒரு கல்யாண வீட்டுல உங்கப்பாவப் பாத்திருக்கேன். பந்தியில எல்லாரும் எந்திரிச்சுப் போன பொறகு, கடைசியா ஒரு பெரியவரு சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. எனக்குப் புடிச்சிருந்துச்சு. டிகிரிய வச்சு என்ன பண்றதுன்னு அப்பத் தெரியல. அந்த ஆளத் தெரிஞ்சுச்சு.”

கல்யாணமான புதிதில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாளாம். முதலில் தைரியம் வரவில்லை. பிறகு வருஷம் ஏற ஏற, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்பதே பெரிய குற்றமாகிவிட்டது. சான்றிதழ் ஒரு மஞ்சள் பையில் பரண் மேல் இருக்கிறது. வந்த நாளிலிருந்து அதை அவள் பிரித்ததே இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அம்மா மறுபடியும் பேனாவை எடுத்தாள். “போட்டுடறேன். இருவது வருசமாச் சொல்ற பொய்தானே. அதுல நீ ஒரு நாலு வருசம் படிச்சுட்டுப் போ.”

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்குப் போடலாம் அம்மா என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 2, திங்கள்

உண்மையை எழுதிவிடுகிறேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று நேற்று முழுக்க ஆசைப்பட்டேன். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு கையெழுத்து, ஒரு லட்சம் ரூபாய். ஜாமீன் தொல்லையும் இல்லை. வாங்கப்போகிற கடனைப் பற்றியே இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். இது வாங்கினால் திருப்பிக் கொடுக்க வழியே இல்லாத கடன் என்று இன்றைக்குக் காலையில் பல் துலக்கும்போதுதான் உறைத்தது.

இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்திருக்கிறாள். மூன்று வருஷம். அதை இல்லை என்று ஒரு தடவை தாத்தா சொன்னார். இரண்டாவது தடவை எழுதிக் கொடுப்பது நானாக இருக்க வேண்டுமா?

அழுகை வந்தது. அழுதேன். பிறகு தோசை சாப்பிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

அம்மா சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். “நீ கையெழுத்துப் போடாதம்மா. நான் நஸ்ரினோட இங்கயே கணக்குப் படிக்கறேன். எனக்கும் அது புடிக்கும்.”

கடைசி வாக்கியம் பொய். அம்மாவுக்கு அது ஊசியில் நூல் கோக்கும் நேரத்தில் தெரிந்துவிட்டது.

“ஒரு வீட்டுல ஒருத்தி குறைச்சுச் சொன்னது போதும்” என்றாள். தையலை மடித்து வைத்தாள். “வருசத்துக்கு இருவத்தஞ்சாயிரம். மாசத்துக்கு ரெண்டாயிரத்து நூறு கூட வராது. அத நான் சம்பாதிக்க முடியாதா? கடன் நாலு லட்சத்துலயே நிக்கட்டும். நீ கோயம்புத்தூர் போ. நாளைக்கு மத்தியானம் உங்கப்பாகிட்டச் சொல்றேன்.”

கோபப்பட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் கோபப்பட மாட்டார், அதுதான் பயமாக இருக்கிறது என்றாள்.

ஜூன் 4, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

மதியம் அப்பா கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வந்தார். பருப்பு, கத்தரிக்காய், அப்பளம். அவர் கை கழுவும் வரை அம்மா காத்திருந்தாள். என்னைப் பரண் மேல் ஏறி மஞ்சள் பையை எடுக்கச் சொன்னாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அப்பா துண்டால் கையைத் துடைத்தவர், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேங்க” என்றாள் அம்மா. பையிலிருந்து ஃபைலை எடுத்தாள், ஃபைலைப் பிரித்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

சான்றிதழ் இருந்தது. அம்மாவின் பெயர், பல்கலைக்கழக முத்திரை, எல்லாம் இருந்தது. ஆனால் அது லேமினேட் செய்யப்பட்டிருந்தது. நாலு மூலையும் வளைவாக வெட்டி, ஓரம் ஒரே அளவாக விட்டு. அந்த மூலை வெட்டு எங்கள் கடை வெட்டு. எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன்.

அம்மா சான்றிதழைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். நான் இருவரையும் பார்த்தேன். அப்பா துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கஜா புயல்ல ஓடு பறந்துச்சுல்ல” என்றார் மெதுவாக. “நீயும் பாப்பாவும் பள்ளிக்கூடத்துல தங்கியிருந்தீங்க. நான் பரண்ல இருந்ததையெல்லாம் எறக்கிக் காயப்போட்டேன். இதோட ஓரம் நனைஞ்சிருந்துச்சு. கடையில கரண்டு இல்ல. இருவத்திரெண்டு நாளு துணியில சுத்தி வச்சிருந்தேன். கரண்டு வந்த அன்னிக்கு மொதல்ல பண்ண வேல இதுதான்.”

ஏழு வருஷம். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் கேட்கவில்லை என்றாள்.

“நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். சொல்லலேன்னா எம்மேல ஏதோ பயம்னுதானே அர்த்தம். கேட்டு இன்னும் பயமுறுத்தணுமா? அப்புறம் ஒரு மாசங்கழிச்சு ஒரு பொண்ணு கடைக்கு வந்து அழுவுது. வேலைக்குக் கொண்டுபோன ஒரிஜினல, லேமினேட் பண்ணிருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. உனக்கு ஞாபகம் இருக்காது. நீ படிச்ச படிப்ப நான் வீணாக்கிட்டேன்னு நெனச்சேன், ஜெயக்கொடி. அப்புறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் கேக்கறது. மறுநா காலையில போர்டு எழுதி மாட்டினேன்.”

அந்தப் போர்டின் கீழே நான் எத்தனை நாள் உட்கார்ந்து ஹோம் ஒர்க் செய்திருக்கிறேன்.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அழுகையும் சிரிப்புமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இவளுக்குச் சொல்லப் பயம், அவருக்குக் கேட்கப் பயம். நடுவில் நான் ஒருத்தி அமாவாசைக்கும் அக்னி நட்சத்திரத்துக்கும் காத்திருந்தேன். அப்பா பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினார். இன்று மாலை கடையை ஐந்து மணிக்குத்தான் திறந்தார்.

ஜூன் 6, வெள்ளி

விண்ணப்பம் போட்டாயிற்று. கடைசி நாள், நெட் படுத்திவிட்டது. அப்பா டைப் அடித்தார், அம்மா பின்னால் நின்று பார்த்தாள். நான் ஸ்டூலில். அப்பா ஒவ்வொரு கேள்வியாக, எனக்குத் தெரியாது என்பது போல உரக்கப் படித்தார். பெயர், சி. பவதாரணி. பிறந்த தேதி. பெற்றோர். முதல் பட்டதாரியா, ஆம் அல்லது இல்லை.

அவர் மவுஸை நகர்த்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து போய் ‘இல்லை’யை அழுத்தினேன். எந்தத் தேர்விலும் இவ்வளவு நிச்சயமாக ஒரு விடை எழுதியதில்லை.

ஜூன் 16, திங்கள்

கடையில் புது மேஜை. அம்மா உட்காருகிறாள், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. பேங்க் படிவம், வருமான வரி, கடைக்காரர்களின் ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி அவள் படித்த காலத்தில் கிடையாது. வீட்டில் யூடியூப் பார்த்துப் படிக்கிறாள், நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறாள், எனக்குச் சமையல் விழுந்திருக்கிறது. முதல் வாரம் நானூற்று எழுபது ரூபாய்.

அப்பா போர்டு அடித்துவிட்டார்: ‘சி. ஜெயக்கொடி, பி.காம்.’ பெயரை விட பி.காம். பெரிதாக இருக்கிறது. சின்னதாக்கச் சொல்லி அம்மா இரண்டு நாளாகச் சண்டை போடுகிறாள்.

அத்தைக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு போன் செய்து, உனக்குத் தெரியுமாடா என்று கேட்டார். ஏழு வருஷமாகத் தெரியும் அக்கா என்றார் அப்பா. அத்தை போனை வைத்துவிட்டார்.

ஜூன் 19, வியாழன்

அத்தை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். அத்தை நேராக உள்ளே போனார். நான் சண்டை என்று நினைத்துக் கதவருகே நின்றேன். அத்தை பையிலிருந்து ஒரு கற்றைக் காகிதத்தை எடுத்து நீட்டினார். அந்த ஜாமீன் நோட்டீஸ்கள்.

“இங்கிலீசுல என்னென்னமோ போட்டிருக்கானுங்க. நீ படிச்சுச் சொல்லு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மொதல்லயே சொல்லிருந்தா இந்த மூணு வருசம் நான் தூங்கியிருப்பேன்ல” என்றார்.

மைசூர்பாகு இந்த முறை இரண்டு கிலோ.

ஜூலை 28, திங்கள்

கிடைத்துவிட்டது. கோயம்புத்தூர். பிரின்டிங் அண்ட் பேக்கேஜிங். நஸ்ரின் என்னைக் கட்டிப்பிடித்து, போகும்போது உன் சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போ என்றாள். அவளுடையது டயர் போய்விட்டதாம். சரி என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பேங்க். மூன்று பேரும் போனோம். கடையில் ‘இன்று விடுமுறை’ போர்டு. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை.

அதே மேடம். அம்மாதான் உடன் விண்ணப்பதாரர். படிவத்தில் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் அம்மா தன் கையால் ‘பி.காம்.’ என்று எழுதினாள். மேடம் அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ப்ளஸ் டூ என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டார்.

“அன்னிக்குக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லிட்டேன் மேடம்” என்றாள் அம்மா.

யாரும் கேட்காமலே அப்பா மஞ்சள் பையிலிருந்து சான்றிதழை எடுத்து மேஜை மேல் வைத்தார். இதெல்லாம் தேவையே இல்லை சார் என்று சொல்லிக்கொண்டே மேடம் கையில் எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் முகம் சுளித்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறீர்கள், ஒரிஜினலை லேமினேட் பண்ணக் கூடாது என்று உங்களுக்குமா தெரியாது, எதற்கு இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார், பள்ளிக்கூடத்தில் நிற்பது மாதிரி.

“எங்க வீட்டுல இருந்த ஒரே டிகிரி மேடம் அது” என்றார்.

மேடம் சான்றிதழை இரண்டு கையாலும் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு பேனாவை என் பக்கம் நகர்த்தினார். ரூபாய் நான்கு லட்சம் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பயம் போகவில்லை. முப்பது வயது வரை கூடவே வரும் போலிருக்கிறது. ஆனால் எவ்வளவு, எதற்கு, யாரோடு சேர்ந்து என்பது தெரிந்த பயம். வட்டியை முடிந்த மாதமெல்லாம் கட்டிவிடுவோம் என்று அம்மா மேடத்திடம் சொல்லிவைத்தாள்.

வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். அம்மா ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

அப்பா இப்போதே என் டிகிரியை எந்தச் சுவரில் மாட்டுவது என்று அளந்துகொண்டிருக்கிறார். நாலு வருஷம் கழித்து அது கைக்கு வரும்போது, ஞாபகமாக அவரிடம் ஜெராக்ஸை மட்டும்தான் கொடுக்க வேண்டும்.